ஜாவாவில் ஓடும் பாபநாசம் பஸ்

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் அரசு பஸ் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் போகும். அதே பஸ்ஸை, டிஎன் 72 என் நம்பர் பிளேட்டோடு, ஜாவாத் தீவின் சாலையிலும் ஓட்டலாம். ஒரு போனும் ஒரு மோடும் போதும்.

நிறுவனம் வெளியிட்ட வீடியோ கேமை விளையாடுகிறவர்களே மாற்றிக்கொள்வதுதான் மோட். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ அதற்கு வழிவிட்டது. அங்கும் வண்டி இடப்பக்கம்தான் போகும், ஸ்டியரிங் வலப்பக்கம். நம் பஸ் அந்தச் சாலையில் அந்நியமாகத் தெரியாததற்கு அதுவும் காரணம்.

பஸ்ஸின் உடம்பை பிளெண்டர் போன்ற மென்பொருளில் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் கட்டுகிறார்கள். முக்கோணம் கூடினால் போன் திணறும். அதனால் டயர் முழு வட்டமாக இருக்காது, பல பக்கங்கள் கொண்ட சக்கரம்தான். ஜன்னல் ரப்பர், ஆணி எல்லாம் வெறும் படம். உடம்பின்மேல் ஒட்டும் வண்ணப் படத்துக்கு ‘லிவரி’ என்று பெயர். ‘வழி: கல்லிடைக்குறிச்சி’ என்ற பெயர்ப்பலகையும் அந்தப் படத்திலேயே வந்துவிடுவதால், கேமுக்குத் தமிழ் எழுத்து தெரிய வேண்டியதே இல்லை. கெட்டிக்காரத்தனம்தான்!

ஆனால் இது வாடகை வீடு. கேம் புதுப் பதிப்புக்கு மாறினால் பழைய மோட் திறக்காமல் போகலாம். ஒரு செயலியின் கோப்புறைக்குள் வேறு செயலி கைவைப்பதை 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 இறுக்கிவிட்டது. மோட் கோப்பை உரிய இடத்தில் போடுவதே சில போன்களில் பெரும்பாடு. உரிமையும் சிக்கல். ‘ஹாஃப்-லைஃப்’ கேமுக்கு மோடாகப் பிறந்த ‘கவுன்டர்-ஸ்டிரைக்’கை வால்வ் நிறுவனம் வாங்கி, செய்தவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பிளிஸார்ட் நிறுவனமோ 2020இல், தன் ‘வார்கிராஃப்ட் 3’ கேமில் யார் எதை உருவாக்கினாலும் தனக்கே சொந்தம் என்று விதி எழுதியது.

1993இல் வந்த ‘டூம்’ கேமின் மூல நிரலை நான்கு ஆண்டுகளில் பொதுவில் விட்டார்கள். அதனால் அந்தக் காலத்து மோடுகள் இன்றைய கணினியிலும் ஓடுகின்றன. மாலியோவின் நிரல் அப்படித் திறந்ததல்ல. பிளெண்டர் கோப்பைப் பத்திரமாக வைத்திருப்பவர் தன் பஸ்ஸை வேறொரு கேமுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பிறர் திருடிப் பேர் மாற்றிவிடுவார்களோ என்று பயந்து, பலரும் பூட்டிய கோப்பைத்தான் வெளியே விடுகிறார்கள்.