ரம்பம் ஏன் பலகையைத் திருப்பி வீசுகிறது?

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ரம்ப மேஜை பழகிய சாமான். அலமாரி செய்ய அதை வீட்டுக்கு வாங்குகிறவர், மோட்டாரைப் பற்றி விசாரிக்கும் முன் பிளேடுக்குப் பின்னால் குனிந்து பார்க்க வேண்டும்.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதன் பல் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பற்களோ மேலெழும்பி வரும். சரியாகக் காயாத வேம்போ வாகையோ உள்ளுக்குள் இறுக்கத்தோடு இருக்கும். அறுத்ததும் பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். உடனே பின்பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவர் வயிற்றை நோக்கி வீசிவிடும். கையை எடுக்கக்கூட நேரமிருக்காது.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய எஃகுத் தகடுதான் பிளவை மூடவிடாமல் தடுக்கிறது. பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கும் தகடு உத்தமம். அது இல்லாத மிஷினை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது, பலகையை ஒட்டித் தள்ளும் பக்கச் சட்டம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரே பல்லை முன்னும் பின்னும் திருப்பி, சட்டத்துக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பின்பக்கம் குறைந்தால் பலகை சிக்கும். மோட்டாரைக் கடைசியில் பார்த்தால் போதும்: 18 மில்லிமீட்டர் பிளைவுட் அறுக்க 2 குதிரைத்திறன் மோட்டார் தாராளம்.