பழமொழிகளின் பிறப்பு

மக்கள் நாவிலே வழங்கும் பழமொழிகட்கு ஆக்கியோன் பெயருமில்லை, ஆண்டுமில்லை. யாரோ ஒருவர் தாம் கண்டதை ஒருநாள் சுருங்கச் சொன்னார். கேட்டார்க்கு அது பொருந்திற்று. ஊரார் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். இத்தகையவற்றைத் தொல்காப்பியர் முதுமொழி எனக் குறித்து இலக்கணமும் வகுத்தார். முன்றுறையரையனார் வெண்பாத்தோறும் ஒன்றை அமைத்துப் ‘பழமொழி நானூறு’ இயற்றினார். அச்சுப்பொறி பரவிய பின்னர், பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். டேனிஷ் பாதிரியாராகிய ஜென்சன் 1897-இல் வகைப்படுத்திய தொகுதி ஒன்றைத் தந்தார். தொகுக்கும் பணி இவ்வாறு நடைபெற்றது. அவற்றின் பிறப்பை ஆராய்வதோ எளிதன்று.

சில மொழிகளின் பிறப்பிடம் வெளிப்படை. “உங்கள் வீட்டில் சிதம்பரமா, மதுரையா?” என்று நம்மவர் நகையாடுவர். தில்லையில் முதன்மை ஆடவல்லானுக்கு; மதுரையிலோ மீனாட்சியம்மைக்கு. சித்திரைத் திருவிழாவில் அம்மைக்கே முடிசூட்டுகின்றனர்; ஆவணியிலேதான் சொக்கருக்கு முடி. ஆகவே வீட்டில் ஆட்சி கணவனதா, மனைவியதா என்பதே வினாவின் பொருள். கோயில் வழக்கத்தை அறிந்தார்க்கு வேறு விளக்கம் வேண்டா.

ஆனால் வேறு சில பழமொழிகட்கு, எழுத்தை மாற்றியும் சொல்லைப் பிரித்தும் புதுப்பொருள் காண்பது இக்காலத்துப் பெருவழக்காய் விட்டது. நாமும் அவ்வழியிற் சென்றவரே. சென்ற ஆண்டு மாணவர் மன்றத்திலே, “சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது பிழை, சஷ்டியில் விரதமிருந்தால் அகப்பையாகிய கருப்பையில் மகவு வரும் என்பதே மெய்” என முழங்கிக் கைதட்டலும் பெற்றோம். விடுமுறையில் ஊர் சென்று, அதனையே பாட்டியாரிடம் பெருமையோடு விளம்பினோம். அவர் குழம்பைத் துழாவிக்கொண்டே கேட்டார்: “வீட்டில் அரிசி இல்லாத நாளில் உன் தாத்தாவிடம் நான் இதைச் சொன்னேனே, அப்போது எந்த விரதத்தைச் சொன்னேன் ஐயா?”

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அன்றுமுதல் இதனை மீண்டும் ஆராயலானோம். ‘சட்டியில் உள்ளதுதானே அகப்பையில் வரும்’ என்றும் மக்கள் வழங்குகின்றனர். ‘உள்ளது’ என்ற சொல் சட்டிக்குப் பொருந்தும்; சஷ்டிக்குப் பொருந்தாது. தேங்காய்ச் சிரட்டையில் மூங்கிற்காம்பு செருகிய அகப்பையோ வீடுதோறும் இருந்தது. திருப்பரங்குன்றத்துக்கு அருகில் வாழும் மக்கள் சஷ்டி விரதத்தைப் போற்றுவது இயல்பே. அவர்தம் பக்தியை இகழ்வது நம் கருத்தன்று. ஆயினும் அப்பக்தியின் பெயரால் வறியவர் அடுப்பங்கரையில் பிறந்த சொல்லை அவர்களிடமிருந்து பறித்தலாகாது.

‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதும் இவ்வாறே பிளக்கப்படுகிறது. ‘கழு’ என்பது ஒருவகைப் புல்லாம். அதனைப் பாயாகத் தைக்கும்போது கற்பூர மணம் தெரியுமாம். ஆனால் கன்னடர் கழுதையையும் கஸ்தூரியையும் இணைத்து இவ்வாறே பேசுகின்றனர். தெலுங்கர் கழுதையையும் சந்தனத்தையும் இணைக்கின்றனர். அவ்விரு மொழிகளிலும் கழுதையின் பெயர் வேறு. அங்கே கழுப்புல்லுக்கு இடமேது? பண்டை மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும், பொருளுணராது கற்பவனைச் சந்தனம் சுமந்து பாரம் மட்டுமே அறியும் கழுதைக்கு ஒப்பிடுகிறது. பன்றிகளுக்கு முன் முத்தெறிதலைப் பற்றிய மலைப்பிரசங்க உவமையும் இதன் உறவினதே. அருமை அறியாரைக் குறிக்க விலங்கை உவமையாக்குதல் பல நாட்டாரின் பொதுவழக்கு.

இனி, ‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதை நோக்குவோம். இது குதிரையன்று, ‘குதிர்’ என்னும் மணற்றிட்டு என்பாருளர். ‘மண்குதிரை நம்பி’ என மட்டும் வழங்கினால், ‘குதிர்’ என்பது இரண்டாம் வேற்றுமை ஏற்றதாகக் கொள்ள இலக்கணம் இடந்தரும். பலரும் கூறுவது போல ‘குதிரையை’ என வருமிடத்து அதற்கு இடமில்லை. மேலும், மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் கண்மாய்க் கரையிலுள்ள ஐயனார் கோயில்களை நேயர்கள் கண்டிருப்பர். வேளார் வனைந்த மண்குதிரைகளைப் புரவியெடுப்பு விழாவில் ஊரார் சுமந்து சென்று அங்கே நிறுத்துவர். ஓங்கிய கழுத்தும் விழித்த கண்ணுமாய் அவை நிற்கும் மிடுக்கே மிடுக்கு! எனினும் வைகையில் வெள்ளம் வரும்போது அக்கரை செல்ல அவற்றுள் ஒன்றேனும் உதவுமா? இக்காட்சியைக் கண்டு வளர்ந்தவர்க்கு அவ்வுவமை தானே தோன்றும்.

ஆகவே பழமொழியின் பிறப்பை ஆராய்வார் மூன்றினை மறவாதிருத்தல் நன்று. பழைய தொகுதிகளில் அதன் வடிவம் யாது? அண்டை மொழிகளில் அதற்கு உறவு உண்டா? மக்கள் அதனை எந்த வேளையிற் சொல்கின்றனர்? இம்மூன்றும் ஒத்து நிற்பின் எழுத்தை மாற்ற வேண்டுவதில்லை. நயமான விளக்கமெல்லாம் உண்மையான விளக்கமாகிவிடாது. படித்தவர் நாம் என்னும் செருக்கால், படியாதவர் படைத்த செல்வத்தைத் திருத்தப் புகுவது அறிவுடைமையுமன்று.

நம்முட் பலர் சிற்றூர்களிலிருந்து கற்க வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் பாட்டியர் அடுப்பருகே சிறிது நேரம் அமர்ந்து, அவர் சொல்லும் பழமொழியோடு, அதனைச் சொல்லும் வேளையையும் ஏட்டிற் குறித்து வருவோமாக. அவர்களைக் கேட்டறியும் காலம் நெடிதன்று.