தட்டினால் எரியும் டார்ச் விளக்கு

இரவில் திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. அலமாரியைத் தடவி டார்ச் விளக்கை எடுத்துப் பொத்தானைத் தள்ளுகிறீர்கள். விளக்கு எரியவில்லை. உடனே என்ன செய்கிறீர்கள்? உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுகிறீர்கள். விளக்கு எரிகிறது! சற்று நேரத்தில் மங்குகிறது. மறுபடியும் ஒரு தட்டு. "கட்டை தீர்ந்துவிட்டது, புதுக் கட்டை வாங்க வேண்டும்" என்று வீட்டில் யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு சரிதானா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். தீர்ந்துபோன மின்கலம் தட்டினால் உயிர்பெறுமா? பெறாது. அதற்குள் நடக்க வேண்டிய வேதிவினை ஓய்ந்துவிட்டால், எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை. எனவே தட்டினால் எரிகிற டார்ச்சில் குற்றம் பெரும்பாலும் மின்கலத்தில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு விவசாயி இரண்டு மாதங்களில் மூன்று முறை புதுக் கட்டை வாங்கிப் போட்டார். பம்புக்கு இரவில்தான் மின்சாரம் வரும். நள்ளிரவில் வரப்பின் மீது நடந்துபோய்த் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கட்டை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று, நடக்கும்போது டார்ச்சை அணைத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. இது எவ்வளவு ஆபத்தானது! இந்தியாவில் 2000ஆம் ஆண்டு முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமப்புறத்தினர். இருட்டில் நடப்பவருக்கு ஒரு டார்ச் விளக்கு உயிர்க்காவல். ஆகவே அது ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஓம் விதியே போதும்.

ஒரு வட்டப் பாதை

உலோகக் குழாயாலான, இரண்டு கட்டை போடும் டார்ச்சை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டையும் 1.5 வோல்ட் தரும் உலர் மின்கலம். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் 3 வோல்ட். முன்கட்டையின் நுனியில் உள்ள குமிழ் பல்பின் அடிப்புள்ளியைத் தொடுகிறது. பின்கட்டையின் அடித்தகடு மூடியிலுள்ள சுருள்வில்லைத் தொடுகிறது. சுருள்வில்லிலிருந்து மூடிக்கு, மூடியின் மறைவழியாகக் குழாய்க்கு, குழாயிலிருந்து சுவிட்சின் பித்தளைத் தகட்டுக்கு, அங்கிருந்து பல்பின் பக்கவாட்டு உலோகத்துக்கு. இதுவே மின்னோட்டத்தின் பாதை.

இந்தப் பாதையில் தனியாகக் கம்பி ஏதும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? குழாயே கம்பியாகப் பயன்படுகிறது. ஓர் உலோகம் மற்றோர் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் மின்சுற்று நிறைவு பெறுகிறது. எண்ணிப் பாருங்கள், ஏழெட்டுத் தொடுமிடங்கள் இருக்கும். இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் துருவோ களிம்போ படிந்தால் போதும், மின்னோட்டம் தடைப்படும். இரும்பின் துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. நாம் தட்டும்போது அந்தப் படலம் சற்று விலகி, உலோகமும் உலோகமும் ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன. அதனால்தான் விளக்கு எரிகிறது.

சிறிய தடை, பெரிய இழப்பு

"சிறிது துரு இருந்தால் என்ன? ஒளி சிறிது குறையும், அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம்.

இரண்டு கட்டை டார்ச்சுக்கான பல்பில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று பொறித்திருப்பார்கள். கட்டைகள் இரண்டும் சேர்ந்து 3 வோல்ட் தரும்போது 2.5 வோல்ட் பல்பு ஏன்? மின்கலத்துக்குள்ளேயே ஒரு மின்தடை உண்டு. மின்னோட்டம் பாயும்போது சிறிதளவு மின்னழுத்தம் அதிலேயே செலவாகிவிடும். எரியும் பல்பின் மின்தடை, 2.5ஐ 0.3ஆல் வகுக்க, சுமார் 8.3 ஓம்.

மூடியின் துருவினால் 2 ஓம் தடை கூடுதலாகச் சேர்ந்தது என்று கொள்வோம். அதில் சுமார் அரை வோல்ட் வீணாகும். பல்புக்குக் கிடைப்பது 2 வோல்ட். ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் ஒளியோ பாதிக்கும் கீழே போய்விடும்! காரணம் என்ன? டங்ஸ்டன் இழை தரும் ஒளி அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலை சற்றுக் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளி மிக விரைவாகக் குறைந்துவிடும். மின்னழுத்தத்தின் மூன்றாம் அடுக்கைக் காட்டிலும் சற்று அதிகமான வேகத்தில் ஒளி மாறுகிறது என்பது இழைப் பல்புகளைப் பற்றிய அனுபவ விதி.

அந்த விவசாயி புதுக் கட்டை போட்டபோதெல்லாம் சில நாட்கள் வெளிச்சம் வந்தது. அது புதுக் கட்டையின் முழு மின்னழுத்தத்தால் வந்தது. கட்டை சிறிது தளர்ந்ததும் துரு தன் வேலையைக் காட்டிவிட்டது. இன்னும் பாதி உயிர் இருந்த கட்டைகளை அவர் வீசி எறிந்திருக்கிறார்.

குற்றவாளியைக் கண்டுபிடிப்போம்

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். இரு முனைகளிலும் உறை நீக்கிய ஒரு சாண் கம்பி போதும்.

முதற் சோதனை: கட்டைகளையும் பல்பையும் டார்ச்சிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். தடித்த காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, இரண்டு கட்டைகளையும் ஒரே திசையில் அதற்குள் அடுக்குங்கள். பல்பின் அடிப்புள்ளியை மேல்கட்டையின் குமிழின் மீது வையுங்கள். கம்பியின் ஒரு முனை கீழ்க்கட்டையின் அடித்தகட்டிலும், மறுமுனை பல்பின் பக்கவாட்டிலும் படட்டும். பல்பு நன்றாக எரிந்தால், கட்டையும் பல்பும் குற்றமற்றவை. குறை டார்ச்சின் உடலில்தான் உள்ளது. எரியாவிட்டால் பல்பை மட்டும் மாற்றிப் பாருங்கள், பிறகு கட்டையை மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்று தெரியாமல் போகும்.

இரண்டாம் சோதனை: கட்டைகளையும் பல்பையும் டார்ச்சில் பொருத்தி, பின்மூடியை மட்டும் போடாமல் விடுங்கள். சுவிட்சைத் தள்ளி வையுங்கள். கம்பியால் பின்கட்டையின் அடித்தகட்டையும் குழாயின் விளிம்பையும் இணையுங்கள். விளிம்பில் பூச்சு இருந்தால் சுரண்டிவிட்டு இணைக்க வேண்டும். இப்போது எரிந்தால் குறை மூடியிலோ, சுருள்வில்லிலோ, மறையிலோ உள்ளது.

மூன்றாம் சோதனை: அப்போதும் எரியவில்லையா? பின்மூடியைப் போட்டுவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள். கண்ணாடியைக் கழற்றி, குழாயையும் பல்பின் பக்கவாட்டு உலோகத்தையும் கம்பியால் இணையுங்கள். எரிந்தால் குறை சுவிட்சில்தான். எரியாவிட்டால் பல்பின் அடிப்புள்ளியும் கட்டையின் குமிழும் சரியாகத் தொடவில்லை என்று பொருள்.

ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்துக்குரிய பாதையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீக்கிவிடுகிறது. வானொலிப் பெட்டியைப் பழுதுபார்ப்பவரும், ஊர் முழுதும் மின்சாரம் நின்றால் கோளாறு தேடும் மின்வாரிய ஊழியரும் கையாளும் முறை இதுவே.

துருவும் கசிவும்

குறை தெரிந்தபின் சீர்செய்வது எளிது. மறைகளையும் சுருள்வில்லின் நுனியையும் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேயுங்கள். சுவிட்சின் பித்தளைத் தகடு தளர்ந்திருந்தால் மெதுவாக நிமிர்த்தி விடுங்கள். வேலை முடிந்ததும் மறையில் மெல்லிதாக வாசலைன் தடவினால் ஈரம் அண்டாது.

இந்தத் துரு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கட்டையிலிருந்துதான். சாதாரண உலர் மின்கலத்தின் துத்தநாகக் குவளைதான் எதிர்மின்வாய். மின்னோட்டம் தரும்போதெல்லாம் அந்தத் துத்தநாகம் சிறிது சிறிதாகக் கரைகிறது. அதாவது, உள்ளிருக்கும் பொருளைத் தாங்கும் பாத்திரமே கரைந்துகொண்டிருக்கிறது! கட்டை தீரும் நிலையில் குவளையில் துளை விழுந்து, உள்ளிருக்கும் உப்புக் கரைசல் கசிந்து டார்ச்சை அரிக்கிறது. எனவே மாதக்கணக்கில் பயன்படுத்தாத டார்ச்சில் கட்டையை விட்டுவைக்கக் கூடாது. பழைய கட்டையையும் புதிய கட்டையையும் கலந்து போடவும் கூடாது. பழையது முதலில் தீர்ந்து, புதியதன் மின்னோட்டம் அதன் வழியே வலிந்து பாயும்போது கசிவு விரைவில் நேரும்.

காரவகை மின்கலம் கசிந்தால் வெண்மையான பொருக்கு காணப்படும். கசிந்த நீர்மம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது தோலை அரிக்கும். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியால் துடைத்து, பின்னர் ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். அமிலம் காரத்தை நடுநிலையாக்கும் என்ற பாடம் இங்கே கைகொடுக்கிறது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

எப்போது மாற்ற வேண்டும்?

1899ஆம் ஆண்டு டேவிட் மிஸெல் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கைவிளக்கில், காகிதக் குழாய்க்குள் மின்கலங்களும் முனையில் ஒரு சிறு பல்பும் இருந்தன. அக்கால மின்கலங்களால் நெடுநேரம் தொடர்ந்து எரிய முடியவில்லை. விட்டுவிட்டு மின்ன வைத்ததால் 'பிளாஷ்லைட்' என்ற பெயர் ஏற்பட்டது. அன்று முதல் இழைப் பல்பின் குறை ஒன்று தீரவே இல்லை. மின்னாற்றலில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. ஒளியாக வெளிவருவது நூற்றில் சில பங்குகளே.

இப்போது கடைகளில் விற்பவை பெரும்பாலும் எல்.இ.டி. டார்ச்சுகள். அதே கட்டை இவற்றில் பல மடங்கு நேரம் உழைக்கிறது. நீல எல்.இ.டி.யை உருவாக்கி வெண்ணிற ஒளிக்கு வழிவகுத்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர்.

அப்படியானால் பழைய டார்ச்சின் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி.யைப் பொருத்தலாமா? பொருத்தலாம், ஆனால் மூன்று செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று, வெண்ணிற எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் தேவை. இரண்டு கட்டைகள் சற்றுத் தளர்ந்ததும் அது எரியாது. இரண்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு மின்தடை வேண்டும். மூன்று கட்டைகள் தரும் 4.5 வோல்ட்டில் எல்.இ.டி. 3.2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 1.3 வோல்ட். மின்னோட்டம் 0.02 ஆம்பியர் என்றால் 65 ஓம் தேவை. கடையில் 68 ஓம் என்று கேட்டு வாங்கலாம். மூன்று, எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். மாற்றி இணைத்தால் எரியாது.

வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகி மின்னேற்றும் டார்ச்சைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. மலிவான பல டார்ச்சுகளில் மின்மாற்றி இல்லை. ஒரு மின்தேக்கியின் வழியாக 230 வோல்ட் மின்சாரம் நேராக உள்ளே வருகிறது. செருகிய நிலையில் அதைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். உப்பிய லித்தியம் மின்கலத்தையும் குத்தவோ அழுத்தவோ கூடாது. இவற்றைப் பழுதுபார்ப்பதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். தீர்ந்த மின்கலங்களைக் குப்பையில் போட்டு எரிக்காமல், சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

அந்த விவசாயியின் டார்ச் என்ன ஆயிற்று? இரண்டாம் சோதனையிலேயே பிடிபட்டுவிட்டது. குறை மூடியின் சுருள்வில்லில் இருந்தது. கால் அகலத் துண்டு உப்புத்தாளில் வேலை முடிந்தது. வீசி எறிய எடுத்து வைத்திருந்த பழைய கட்டைகளிலேயே விளக்கு பளிச்சென்று எரிந்தது. இப்போது அவர் வரப்பில் ஒவ்வோர் அடிக்கும் வெளிச்சம் பார்த்தே நடக்கிறார்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. எரிந்துகொண்டிருக்கும் ஒரு டார்ச்சில் இரண்டு கட்டைகளின் முனைகளுக்கிடையே 2.8 வோல்ட் இருக்கிறது. பல்பின் முனைகளுக்கிடையே 1.8 வோல்ட்தான் இருக்கிறது. மின்னோட்டம் 0.25 ஆம்பியர். வழியில் ஒளிந்திருக்கும் மின்தடை எத்தனை ஓம்? விடையைக் கண்டபின், உங்கள் வீட்டு டார்ச்சையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.