கம்பெனி மின்னஞ்சலை ‘கிளவுடு’க்கு மாற்றும்போது வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

மொத்த வியாபாரத்தில் ஒரு காலத்தில் தபால், தந்தி, டிரங்க் கால் மூலம் வந்த ஆர்டர்கள் பிறகு பேக்ஸில் வந்தன. இன்று விலையை வாட்ஸ்அப்பில் பேசி முடித்தாலும், ஆலைகளின் விலைப் பட்டியல், பில், நிலுவைக் கணக்கு, வங்கியின் தகவல், வரித்துறை நோட்டீஸ் ஆகியவை மின்னஞ்சலுக்கே வருகின்றன. இரண்டு நாள் அது நின்றுவிட்டால் லாரி செட்டில் நம் சரக்கு இறங்கிக் கிடப்பது நமக்குத் தெரியாது. நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க வேண்டிய தேதியும் கடந்துவிடும்.

நம்மில் சற்றுப் பெரிய மண்டிகளும் ஏஜென்சிகளும் சில ஆண்டுகளுக்கு முன் சொந்தமாக சர்வர் வாங்கி, கணக்கு அறைக்குப் பக்கத்தில் ஏ.சி. போட்டு வைத்து, மின்னஞ்சலை அதிலேயே நடத்தி வந்தன. இப்போது அந்தச் சர்வரை விட்டு ‘கிளவுடு’க்கு மாறச் சொல்லிப் பலரும் யோசனை கூறுகிறார்கள். மாறலாமா, மாறினால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வணிகர் கண்ணோட்டத்தில் இங்கே பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

அலுவலக மின்னஞ்சலுக்குப் பலரும் பயன்படுத்தி வந்த மென்பொருள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் சர்வர். அதன் 2016, 2019 பதிப்புகளுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. மறுநாளே மின்னஞ்சல் நின்றுவிடாது. ஆனால் அதற்குப் பிறகு மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கா.

ஓட்டை அடைபடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021-ஆம் ஆண்டே உதாரணம். எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்த நான்கு ஓட்டைகளை அடைக்க 2021 மார்ச் 2-ல் அவசரத் திருத்தம் வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே திருடர்கள் அந்த வழியாக நுழையத் தொடங்கியிருந்தார்கள். உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான சர்வர்கள் பாதிக்கப்பட்டன. அவை அனைத்தும் நிறுவனங்கள் சொந்த இடத்தில் வைத்திருந்த சர்வர்கள். அதே நிறுவனம் கிளவுடில் நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் அந்த ஓட்டைகள் இல்லை.

சொந்தச் சர்வரே வேண்டும் என்பவர்கள் 2025-ல் வந்த சந்தாப் பதிப்புக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் திருத்தம் வந்த அன்றே அதைப் போடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது இயலாத காரியம். அதனால்தான் இந்த மாற்றம் நம் வாசல்வரை வந்திருக்கிறது.

கிளவுடு என்பது வாடகைக் குடோன்

கிளவுடு என்றால் மேகம். ஆனால் நம் கடிதங்கள் ஆகாயத்தில் மிதப்பதில்லை. வேறொருவருடைய கட்டடத்தில், அவருடைய சர்வரில், நாம் வாடகைக்கு இடம் பிடிக்கிறோம். மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில் தரவு மையங்களைத் திறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2008 முதல் மின்னஞ்சல் சேவை நடத்தி வருகிறது. கூகுளும் நிறுவனங்களுக்கென்று தனிச் சேவை வைத்திருக்கிறது.

மிளகாய் வற்றலைக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறோம் அல்லவா? மின்சாரம், இயந்திரம், காவலாளி எல்லாம் கிடங்குக்காரர் பொறுப்பு. மூட்டையும் அதன் மேலுள்ள மார்க்கும் நம்முடையவை. கிடங்கு பிடிக்காவிட்டால் சரக்கை எடுத்து வேறு கிடங்கில் வைக்கலாம். மின்னஞ்சலிலும் இதே முறைதான். இங்கே மார்க் என்பது டொமைன் பெயர், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் நம் நிறுவனத்தின் பெயர்.

பெயர் யார் பெயரில் இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சர்வர் எங்கே இருக்கிறது என்பதைவிட, டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதே முக்கியம்.

நமக்குக் கடிதம் அனுப்புபவரின் சர்வர் முதலில் டி.என்.எஸ். என்னும் பொதுப் பதிவேட்டைப் பார்க்கிறது. அதில் நம் பெயருக்கு நேரே ‘எம்.எக்ஸ்.’ என்ற வரியில் எந்தச் சர்வர் குறிக்கப்பட்டிருக்கிறதோ, அங்கே கடிதத்தைச் சேர்க்கிறது. இடம் மாற்றுவது என்பது முடிவில் அந்த வரியை மாற்றுவதுதான். அந்த வரியை மாற்றும் அதிகாரம் டொமைன் கணக்கின் சாவியை வைத்திருப்பவருக்கே உண்டு.

பல நிறுவனங்களில், இணையதளம் செய்து கொடுத்தவரே அந்தப் பெயரைத் தம் பெயரில், தம் மொபைல் எண்ணில் பதிவு செய்திருப்பார். அவரோடு மனஸ்தாபம் வந்தாலோ, அவர் தொழிலை விட்டுவிட்டாலோ, புதுப்பிக்கும் தேதி தவறினாலோ, பெயர் கைவிட்டுப் போகும். காலாவதியான பெயரை வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர் நம் பெயரிலேயே கடிதம் அனுப்பலாம். நமக்கு வரும் கடிதங்களையும் பெறலாம். இருபது ஆண்டு நாணயம் இன்னொருவர் கைக்குப் போவதற்கு இது ஒன்றே போதும்.

பெயர் கையில் இருந்தால் இடமாற்றம் வெளியே தெரியாமலே நடக்கும். மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சல், தேசிய தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து ஜோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025-ல் செய்திகள் வந்தன. முகவரிகள் பழையபடியே அரசின் டொமைனில்தான் இருக்கின்றன. கடிதம் எழுதுபவர்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆகவே எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடும் முன், டொமைனை நிறுவனத்தின் பெயருக்கும் உரிமையாளரின் மொபைல் எண்ணுக்கும் மாற்றிக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்து வைப்பது நல்லது.

மாற்றும் முறை

முதலாவது, கணக்கெடுப்பு. எத்தனை பெட்டிகள் இருக்கின்றன, ஆர்டருக்கும் பில்லுக்கும் உள்ள பொது முகவரிகள் எவை, வேலையை விட்டுப் போனவர்களின் பெட்டிகள் எவை என்று எழுதிக்கொள்ள வேண்டும். நம் பில்லிங் மென்பொருளும் ஸ்கேனரும் பழைய சர்வர் வழியாகக் கடிதம் அனுப்புகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவை பெரும்பாலும் மறந்துபோகின்றன. மாறிய மறுநாள் பில் போகவில்லை என்று தேடுவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

இரண்டாவது, பழைய கடிதங்கள். எல்லாக் கடிதங்களும் சர்வரில்தான் இருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. கணக்கரின் கம்ப்யூட்டரில் ‘பி.எஸ்.டி.’ கோப்பாகப் பழைய வருடக் கடிதங்கள் தங்கியிருக்கலாம். ‘பாப்’ முறையில் இறக்கியவை சர்வரில் இல்லாமலே போயிருக்கலாம். அவற்றையும் சேர்த்து முழு நகல் ஒன்றைத் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ‘ஐமேப்’ முறையில் நகல் எடுத்தால் கடிதங்கள் மட்டுமே போகும். முகவரிப் பட்டியலையும் நாட்குறிப்பையும் தனியே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, நேரம். பத்துப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 10 ஜிபி என்றால் மொத்தம் 100 ஜிபி. நம் இணைப்பு மேலே அனுப்பும் வேகம் 20 எம்.பி.பி.எஸ். என்றால், இடைவிடாமல் அனுப்பினாலும் சுமார் 11 மணி நேரம் ஆகும். நடைமுறையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். ஆகையால் பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிதங்களை முன்கூட்டி நகலெடுத்துவிட்டு, கடைசி நாளில் மிச்சத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

நான்காவது, மாற்றும் நாள். மாதக் கடைசி, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் 11, 20 தேதிகள், தீபாவளி, பொங்கல் விற்பனைக் காலம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சனிக்கிழமை இரவு உகந்தது. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, பதிவேட்டில் ‘டி.டி.எல்.’ என்னும் கால அளவைக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெளியூர்ச் சர்வர்கள் பழைய விலாசத்தையே ஒரு நாள்வரை நினைவில் வைத்திருக்கும்.

ஐந்தாவது, எம்.எக்ஸ். வரியை மாற்றும் முன்பே புதிய இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறந்துவிட வேண்டும். சர்வர் கிடைக்காவிட்டால் அனுப்பியவரின் சர்வர் பொதுவாகச் சில நாள்வரை மறுபடி முயன்று பார்க்கும். ஆனால் ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று பதில் கிடைத்தால் கடிதம் அப்போதே திரும்பிவிடும். பழைய சர்வரை ஒரு மாதமாவது அணைக்காமல் வைத்து, வழிதவறிய கடிதம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறாவது, நம் கடிதம் நம்முடையதுதான் என்று காட்டும் அத்தாட்சி. எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று பதிவுகள் உண்டு. நம் மார்க் போட்ட சரக்கை ஏற்ற எந்த லாரி செட்டுக்கு அனுமதி, சீல் எப்படி இருக்கும், சீல் இல்லாமல் வந்தால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுப்பது போன்றவை இவை. ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் இதில் கண்டிப்பு காட்டுகின்றன. பதிவுகள் சரியாக இல்லாவிட்டால் நாம் அனுப்பும் பில் வாடிக்கையாளரின் ‘ஸ்பேம்’ பெட்டியில் விழும். அவர் பில் வரவில்லை என்பார். நாம் அனுப்பிவிட்டோம் என்போம்.

செலவுக் கணக்கு

சொந்தச் சர்வருக்கு விலை, லைசென்ஸ், யு.பி.எஸ். பேட்டரி, ஏ.சி. மின்சாரம், பராமரிப்பு என்று செலவுகள். கிளவுடுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. உதாரணமாக, ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்தால் 12 பேருக்கு ஆண்டுக்கு 28,800 ரூபாய், ஐந்து ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். இந்த வாடகைக்கு முடிவு கிடையாது. இடையில் உயரவும் செய்யலாம். இரண்டையும் ஐந்து ஆண்டுக்கு எழுதிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆர்டருக்கான பொது முகவரி போன்றவற்றுக்குத் தனி வாடகை கட்ட வேண்டியதில்லை. ஒருவருடைய பெட்டிக்கே அதைத் திருப்பிவிடலாம்.

அழித்தது திரும்பாது

கிளவுடுக்குப் போய்விட்டால் எல்லாம் என்றென்றும் பத்திரம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. ஜிமெயிலில் குப்பைப் பெட்டிக்குப் போனது 30 நாளில் தானே அழியும். மைக்ரோசாப்ட் சேவையில் முற்றிலுமாக அழித்த கடிதத்தை மீட்கச் சாதாரணமாகக் கிடைக்கும் அவகாசம் 14 நாள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால், மைக்ரோசாப்டில் 30 நாளுக்குள், கூகுளில் 20 நாளுக்குள் மீட்டாக வேண்டும்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவோ, கணக்குகளையும் ஆவணங்களையும் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. 30 நாளுக்கும் 72 மாதத்துக்கும் உள்ள இடைவெளியை நாம்தான் அடைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடிதங்களின் நகலைத் தனி டிஸ்கில் எடுத்துப் பெட்டகத்தில் வைப்பது எளிய வழி. ஆள் விலகும்போது கணக்கை நீக்கும் முன் நகல் எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

திருடர் பயம்

கிளவுடு மின்னஞ்சலின் வாசல் உலகம் முழுவதற்கும் தெரியும்படி இருக்கிறது. பாஸ்வேர்டு ஒன்று மட்டும் போதாது. மொபைலிலும் உறுதி கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

உள்ளே நுழைந்த திருடன் உடனே எதையும் எடுப்பதில்லை. வரும் கடிதங்களின் நகல் தனக்கும் வரும்படி ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்துவிட்டுக் காத்திருப்பான். பெரிய பணம் கைமாறும் நேரத்தில், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்பவும்’ என்று நம் பெயரில் வாடிக்கையாளருக்கு எழுதுவான். வங்கிக் கணக்கு மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், ஏற்கெனவே நமக்குத் தெரிந்த எண்ணில் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஏமாந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிறு மளிகைக் கடைக்காரர்களுக்கு

சர்வரே இல்லாத நமக்கு இதில் என்ன என்று சிறு கடைக்காரர்கள் நினைக்க வேண்டாம். மொபைலில் வைத்திருக்கும் இலவச மின்னஞ்சலும் கிளவுடுதான். அதைத் திறந்து கொடுத்தது கடைப் பையனாகவோ, கணக்கு எழுதுபவராகவோ இருக்கும். பாஸ்வேர்டு மறந்தால் மீட்கும் எண் அவருடையதாகவே இருக்கும். ஜி.எஸ்.டி. பதிவிலும் வங்கியிலும் அந்த முகவரியே இருக்கும். அவர் போனால் சாவியும் போகும்.

ஆகவே சர்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வணிகர்கள் இந்த வாரமே மூன்றைச் சரிபார்க்க வேண்டும். டொமைன் அல்லது மின்னஞ்சல் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அதை மீட்கும் மொபைல் எண் யாருடையது? ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள முகவரியும் எண்ணும் நம்முடையவையா? மூன்றுக்கும் ‘என்னுடையது’ என்று சொல்ல முடிந்தவர்கள் அச்சமின்றிச் சர்வரை மாற்றலாம். மற்றவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு, பிறகு கிளவுடைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.