நாயிடம் தப்பிக்கும் உடும்பு மனிதனிடம் மட்டும் சிக்குவது ஏன்?

வேடசந்தூர், அய்யலூர் பக்கம் மானாவாரிக் காடுகளில் நடந்தவர்களுக்கு உடும்பைத் தெரியாமல் இருக்காது. கரையான் புற்று, பாறை இடுக்கு, மரப்பொந்துதான் அதற்கு வீடு. 5 அடிக்கு மேலும் வளரும் இந்தப் பல்லி இனம், எதிரி வந்தால் என்ன செய்யும்?

முதலில் ஓட்டம்தான். உடும்பு வம்புக்கு நிற்காது. வழி அடைபட்டால், காற்றை இழுத்து உடம்பை உப்ப வைத்து, 'உஸ்ஸ்' என்று சீறும். கேட்டால் பாம்போ என்று தோன்றும். அதற்கும் மசியாமல் நாய் கிட்டே வந்தால், சாட்டை மாதிரி வால் வீச்சு. அதையும் தாண்டினால் கடி.

வீட்டுப் பல்லி வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். உடும்புக்கு அந்த வித்தை கிடையாது. அதன் வால் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. தார் பாலைவனத்தில் வாழும் முள்வால் பல்லிக்கும் வால்தான் ஆயுதம்.

ஆனால் உடும்பின் பெரிய பலம் பிடிதான். இடுக்கில் நுழைந்ததும் நகங்களை ஊன்றி, உடம்பை உப்பிக்கொள்ளும். ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும், வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது. 'உடும்புப் பிடி' என்று சும்மாவா சொன்னாங்க! (1670-ல் மராட்டிய வீரர் தானாஜி, உடும்பில் கயிறு கட்டி சிங்ககட் கோட்டை ஏறினார் என்பது கதை. ஆள் எடையை அது தாங்குமா என்பது சந்தேகம்தான்.)

சிக்கல் இங்கேதான். கீரியும் நாயும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். மனிதன் இழுப்பதில்லை, கடப்பாரையால் தோண்டுகிறான், புகை போடுகிறான். உள்ளே போய் அசையாமல் இருந்தால் பத்திரம் என்ற உடும்பின் கணக்கு நம்மிடம் எடுபடாது.

கறி தின்றால் தெம்பு என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. 'ஹத்தா ஜோடி' என்ற பெயரில் அதிர்ஷ்ட வேராக விற்கப்படுவது பல நேரம் ஆண் உடும்பின் காய்ந்த பிறப்புறுப்பு! வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் அடிக்க ஓடாதீங்க. நாயைக் கட்டிப்போட்டு, கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றால் பெரும்பாலும் தானாகவே போய்விடும். போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்க.