வினாடி முள்ளுக்கு ஓய்வு கொடுங்கள்!

பிறந்த நாளுக்கு மாமா வாங்கித் தந்த வாட்ச், பரீட்சை நாளன்று நின்றுபோனால் எப்படி இருக்கும்?

திருமானூரில் எங்கள் வீட்டு பீரோவில் ஒரு வாட்ச் அப்படித்தான் நின்றது. ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஓர் ஆண்டு விட்டுவிட்டேன். பிறகு திறந்து பார்த்தால், தீர்ந்த பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. சின்னப் பேட்டரியால் வாட்சே வீணாகிவிட்டது!

உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஜப்பானின் சீகோ நிறுவனம் 1969 டிசம்பர் 25-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஓசூரில் வாட்ச் தயாரிக்கும் டைட்டன் நிறுவனம், டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது.

இன்றைய வாட்சுகளுக்குள் இசைக்கவை வடிவில் ஒரு குட்டி குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 2-ஆல் 15 முறை வகுத்துப் பாருங்கள். 1 வருகிறதா? உள்ளே இருக்கும் ‘சிப்’ செய்யும் கணக்கும் இதுதான்! வினாடிக்கு ஒரு துடிப்பு மோட்டாருக்குப் போகிறது. முள் ‘டிக்’ என்று நகர்கிறது. பேட்டரியில் பெரும்பங்கை விழுங்குவது இந்த மோட்டார்தான்.

பேட்டரி நீண்ட நாள் உழைக்க என்ன செய்யலாம்?

* விடுமுறையில் வாட்ச் கட்டாவிட்டால், பக்கவாட்டில் உள்ள சாவியை மெதுவாக வெளியே இழுத்து வையுங்கள். பெரும்பாலான வாட்சுகளில் மோட்டார் நின்றுவிடும். படிகம் மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கும். சாவி வெளியே இருக்கும்போது தூசியும் ஈரமும் புகும். எனவே மூடிய டப்பாவில் வையுங்கள்.

* டிஜிட்டல் வாட்சில் விளக்கையும் அலாரத்தையும் விளையாட்டாக அழுத்தாதீர்கள்.

* கொளுத்தும் வெயிலில் வாட்சைப் போட்டு வைக்காதீர்கள்.

* சில வாட்சுகளில் பேட்டரி தீரும் நேரத்தில் வினாடி முள் இரண்டிரண்டு வினாடியாகத் தாவும். உடனே பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். பல மாதம் பயன்படுத்தாத வாட்ச் என்றால், கடையில் கொடுத்து பேட்டரியைக் கழற்றிவிடலாம்.

முக்கியமான ஒன்று! கழற்றிய பட்டன் பேட்டரியைத் தரையில் போடாதீர்கள். தம்பி, தங்கை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிடலாம். சில வகை பேட்டரிகள் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட, உடனே பெரியவர்களிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

என்ன மாணவர்களே, உங்கள் வீட்டு மேஜை டிராயரில் நின்றுபோன வாட்ச் ஏதாவது தூங்குகிறதா? இன்றே அப்பாவிடம் எடுத்துக் காட்டுங்கள்!