காபிக் கொட்டகை: சரிவைப் பார்த்துக் கட்டுங்கள்!

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலைப் பகுதியில் அரபிகா பழம் பறிக்கும் நாளும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வரும். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கிவிட வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். தரம் போனால் விலையும் போகும். அதனால், வீட்டோடு ஒரு பல்ப்பர் கொட்டகை இருப்பது நல்லது. ஆனால், சுவரை எழுப்பிவிட்டுத் தொட்டிக்கு இடம் தேடினால் காலம் முழுக்கச் சுமைதான் மிச்சம்.

சரிவே வேலையாள்

பழம் கொட்டும் இடம் மேலே. அதற்கடுத்துப் படிப்படியாகக் கீழே பல்ப்பர், ஊறவைக்கும் தொட்டி, கழுவும் வாய்க்கால், களம். இப்படி அமைத்தால் தண்ணீரே கொட்டையைத் தள்ளிக்கொண்டு போகும். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால், ஈரக்கொட்டையை வாளி வாளியாகச் சுமக்க வேண்டியிருக்கும்.

தொட்டி இரண்டு

கொட்டையின் வழுவழுப்பு நீங்க ஒன்று, ஒன்றரை நாள் ஆகும். குளிர் கூடினால் இன்னும் தாமதமாகும். மறுநாள் பறிக்கிற பழத்துக்கு வேறு தொட்டி வேண்டும். பெரிய தொட்டி ஒன்றைவிடச் சிறிய தொட்டி இரண்டு மேல்.

களத்துக்கு மேல் ஒளி ஊடுருவும் கூரை போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். மழை வந்ததும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பழுது பார்க்க ஒரு மூலை

பல்ப்பரின் செப்புத் தகடு தேய்ந்தாலும், இடைவெளி மாறினாலும் கொட்டை வெட்டுப்படும். வெளிச்சம் விழும் ஜன்னலோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, ஸ்பேனர்களை அங்கேயே மாட்டி வையுங்கள். மோட்டார் சுவிட்ச், பல்ப்பருக்குப் பழம் போடுபவரின் கைக்கு எட்ட வேண்டும். தண்ணீர் தெறிக்கக் கூடாது. எர்த் இணைப்பும், பெல்ட்டுக்கு மூடியும் கட்டாயம். டீசல், பூச்சிமருந்துக்குத் தனி அறை வேண்டும். காபி வாடையை இழுத்துக்கொள்ளும்.

கழிவுநீரை ஓடையில் விடாதீர்கள். அது கீழே உள்ளவர்களின் தண்ணீரைக் கெடுக்கும். குழியில் தேக்கிச் சுண்ணாம்பு இடுங்கள். பழத்தோலை மட்கவைத்தால் தோட்டத்துக்கே உரம்.

அஸ்திவாரம் தோண்டும் முன்பு, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு கூடைச் சுமையோடு மேலிருந்து களம் வரை நடந்து பாருங்கள். எங்கே ஏற வேண்டியிருக்கிறதோ, அங்கே திட்டத்தை மாற்றுங்கள். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. வரைபடத்தோடு போய் ஒருமுறை ஆலோசனை கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.